உயிரணு மருந்தா, வெறும் வியாபாரமா?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர் நமது காரியாலயத்துக்கு வந்தார். பத்திரிகை சம்பந்தமாக வரவில்லை. நாம் வக்கீல் தொழிலும் நடத்தியதுண்டு என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு துணிப்பையில் சில காகிதங்களை எடுத்துக்கொண்டு யோசனை கேட்க வந்திருந்தார். அவருடைய ஒரே மகனுக்கு வயது ஏழு. ஆட்டிசம் என்று டாக்டர்கள் கூறும் வளர்ச்சிக் குறைபாட்டினால் பையனுக்குப் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. அவனுடைய எலும்பு மஜ்ஜையிலிருந்தே 'ஸ்டெம் செல்' எனப்படும் மூல அணுக்களை எடுத்து, முதுகுத் தண்டின் வழியாகச் செலுத்தினால் மூளை சீர்ப்படும் என்று ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தார் நம்பிக்கை கொடுத்திருக்கிறார்கள். மூன்று தடவை செலுத்தியாயிற்று. சேமநல நிதியில் வாங்கிய கடன் போதாமல் மனைவியின் நகைகளும் போயின. மொத்தச் செலவு 6 லட்சம் ரூபாய்.

காகிதங்களைப் படித்துப் பார்த்தோம். ரசீதில் 'சேவைக் கட்டணம்' என்று மட்டும் கண்டிருந்தது. பொடி எழுத்தில் இங்கிலீஷில் அச்சிட்ட நான்கு பக்கச் சம்மதப் பத்திரத்தில் உபாத்தியாயரின் கையெழுத்து இருந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில், செலுத்தப்படுவது நோயாளியின் சொந்த அணுவேயாதலால் அது மருந்து ஆகாது என்றும், பலனுக்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை என்றும் எழுதியிருந்தது. எழுதியவர் சட்டம் தெரிந்தவர் என்பதில் சந்தேகமில்லை. பையனிடம் ஏதாவது மாறுதல் கண்டதா என்று கேட்டோம். "முதல் மாதம் 'அம்மா' என்று சொன்னது போல இருந்தது, ஐயா. அது எங்கள் ஆசையோ என்னவோ" என்றார்.

இந்த மாதிரி ஏமாற்றத்தைக் கண்டு ஆத்திரப்பட்டு, உயிரணுச் சிகிச்சை முழுவதுமே மோசடி என்று தீர்ப்புக் கூறிவிடுவது சுலபம். அது பெரும் பிழையாகும். கள்ள நாணயம் செலாவணியாவது நல்ல நாணயம் இருப்பதனால்தான். நல்லது எது, கள்ளம் எது, நல்லதும் ஏன் நம் ஜனங்களின் கைக்கு எட்டாமலிருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் நம் தேசத் தொண்டர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியது அவசியம். ஏனெனில் இது டாக்டர்களோடு மட்டும் முடிந்துபோகும் விஷயமன்று. சட்டமும், பொதுப் பணமும், கைத்தொழிலும் இதில் அடங்கியிருக்கின்றன.

உயிருள்ள அணுவை மருந்தாகக் கொடுப்பது நேற்றுப் பிறந்த புதுமையல்ல. ரத்தம் ஏற்றுவதும் உயிரணுச் சிகிச்சையே. வியன்னாவில் லாண்ட்ஸ்டெய்னர் 1901-ல் ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டும் வரையில், ரத்தம் ஏற்றிக்கொண்டவன் பிழைப்பதும் சாவதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்திருந்தது. அதன் பின்னர் அமெரிக்காவில் டானல் தாமஸ் என்பவர் ஒருவருடைய எலும்பு மஜ்ஜையை மற்றொருவருக்குச் செலுத்தும் முறையை 1950-களிலிருந்து பல தோல்விகளுக்கிடையே வளர்த்து, 1990-ல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் மும்பை டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில் 1983-லும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1986-லும் அம்முறை தொடங்கிற்று. ரத்தப் புற்று, தாலசீமியா முதலிய ரத்த நோய்களுக்கு இன்று அது ருசுவான சிகிச்சை. மூல அணு என்ற பெயரில் விற்கப்படுவனவற்றில் சந்தேகமின்றி ருசுவானது பெரும்பாலும் இவ்வளவே என்பதை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அதற்கு அடுத்த படி சமீப காலத்தில் ஏறப்பட்டது. அதை 'கார்-டி' சிகிச்சை என்கிறார்கள். நமது ரத்தத்தில் 'டி' அணுக்கள் என்று ஒருவகைக் காவற்படை உண்டு. கிருமி புகுந்த அணுக்களை இனங்கண்டு கொல்வது அவற்றின் தொழில். ஆனால் புற்று அணு வெளியிலிருந்து வந்த பகைவன் அல்ல. வீட்டிலேயே பிறந்து கெட்டுப்போனவன். ஆகையால் காவலர் அவனை அடிக்கடி அடையாளம் காணாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த அடையாளத்தைக் காவலருக்குக் கற்பிப்பதே கார்-டி முறை. நோயாளியின் ரத்தத்தை ஒரு யந்திரத்தின் வழியே ஓடவிட்டு 'டி' அணுக்களை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். தீங்கு செய்யும் சக்தியைப் பறித்துவிட்ட ஒரு வைரஸை வாகனமாகக் கொண்டு, அவற்றினுள் ஒரு புதிய மரபணுவை ஏற்றுகிறார்கள். எயிட்ஸ் நோயைத் தரும் வைரஸின் வம்சத்திலிருந்தே இந்த வாகனம் செய்யப்பட்டது என்பது வேடிக்கையான விஷயம். புதிய மரபணு ஏறிய அணு, 'பி' அணுக்களின் மேற்பரப்பிலுள்ள 'சிடி-19' என்ற குறியைக் கண்டால் பற்றிக் கொல்லும் கொக்கி ஒன்றைத் தன் மேல் முளைக்கச் செய்துகொள்கிறது. அப்படிப்பட்ட அணுக்களைக் கோடிக்கணக்காகப் பெருக்கி, சுத்தம் பார்த்து, நோயாளியின் உடலில் ஒரே தடவை செலுத்துகிறார்கள். உள்ளே சென்றபின் அவை தாமாகவே பெருகுகின்றன. மாத்திரை கரைந்து போகும். இந்த மருந்தோ உள்ளேயே குடியிருந்து வேலை செய்யும்.

1.2012-ம் வருஷம் ஏப்ரலில் பிலடெல்பியா குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எமிலி என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. குழந்தைகளில் அவளே முதல்வள். அவளுடைய ரத்தப் புற்று அதுவரை கொடுத்த மருந்துகளுக்கெல்லாம் மசியவில்லை. அணுக்களைச் செலுத்திய சில நாட்களில் கடுஞ்சுரம் கண்டு, பிழைக்க மாட்டாள் என்ற நிலைமை வந்துவிட்டது. பரிசோதித்ததில், போர் புரியும் அணுக்கள் வெளியிட்ட ரசாயனப் பொருள்களில் ஒன்று மிதமிஞ்சிப் போயிருந்தது தெரிந்தது. அந்த முறையை வகுத்த கார்ல் ஜூன் என்ற விஞ்ஞானியின் சொந்த மகளுக்கு மூட்டு வாதம் உண்டு; ஆகவே அப்பொருளைத் தடுக்கும் மூட்டு வாத மருந்து ஒன்றை அவர் அறிந்திருந்தார். அதைக் கொடுத்ததும் சிறுமி தேறினாள். பத்து வருஷங்கள் கழிந்த பின்னும் புற்று திரும்பவில்லை. ஒரு தகப்பனாருக்கு வீட்டில் இருந்த கவலை, ஒரு வைத்திய முறையையே காப்பாற்றியது என்று சொன்னால் மிகையாகாது. அன்று அக்குழந்தை இறந்திருந்தால் அந்த முறையும் அவளோடு புதைக்கப்பட்டிருக்கக் கூடும்.

2017 ஆகஸ்டு 30-ல் அமெரிக்க சர்க்கார் இதை மருந்தாக அங்கீகரித்தது. அதற்கு ஆதாரமாயிருந்த சோதனையில் 75 பேருக்குச் சிகிச்சை நடந்தது. அவர்களில் 81 சதவிகிதத்தினருக்கு மூன்று மாதத்துக்குள் புற்று மறைந்தது. ஆனால் ஓராண்டு சென்ற பின் நோய் திரும்பாமலும் வேறு விபரீதமில்லாமலும் இருந்தவர் ஏறக்குறையப் பாதிப் பேரே. வேறெந்த வழியுமில்லாமல் கைவிடப்பட்டவர்களில் பாதிப் பேர் என்றால் அது அற்புதம்தான். எனினும் முழுக் குணம் என்று தண்டோராப் போடுவதற்கு இடமில்லை. மேலும் இந்த வெற்றியெல்லாம் ரத்தத்திலும் நிணத்திலும் தோன்றும் புற்றுக்களோடு நிற்கின்றது. ஈரல், நுரையீரல், மார்பு முதலிய இடங்களில் கட்டியாகத் திரளும் புற்றினுள் இந்த அணுக்கள் புகுந்து வேலை செய்வது இன்னும் கடினமாகவே இருக்கிறது. சிகிச்சை பெற்றவர்களில் மிகச் சிலருக்குப் பிற்காலத்தில் 'டி' அணுக்களிலேயே புற்று உண்டாகலாம் என்ற எச்சரிக்கையை 2024-ல் அமெரிக்க சர்க்கார் மருந்தின் சீட்டிலேயே அச்சிடச் செய்தது.

இனி விலைக்கு வருவோம். 2017-ல் அந்த மருந்துக்கு வைத்த விலை 4,75,000 டாலர். இன்றைய நாணய மாற்றில் ஏறக்குறைய 4 கோடி ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு தனி. ஏன் இவ்வளவு என்று கேட்டால், கம்பெனியின் லாப ஆசை என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையும் அதுவல்ல. பெனிசிலின் போன்ற மருந்தை ஒரே கொப்பரையில் ஆயிரக்கணக்கான பேருக்குச் செய்யலாம். சுத்தமாக இருக்கிறதா, வீரியம் சரியா என்று ஒரு முறை சோதித்தால் ஆயிரம் பேருக்கும் அந்தச் சோதனை போதும். கார்-டி மருந்திலோ ஒரு கொப்பரைக்கு ஒரே ஒரு நோயாளி. அவன் ரத்தம் வேறு, அடுத்தவன் ரத்தம் வேறு. ஆகவே ஆயிரம் பேருக்குச் செய்யும் சோதனை அத்தனையையும் ஒருவனுக்காகச் செய்ய வேண்டும். மாசற்ற தனி அறை, பல மாதம் பயின்ற கைகள், வைரஸ் வாகனம், திரவ நைட்ரஜனில் உறைய வைத்துக் கடல் கடந்து அனுப்பும் ஏற்பாடு ஆகிய யாவும் ஒரு மனிதனின் கணக்கிலேயே விழுகின்றன. ஊரிலுள்ள நெசவாலையை மூடிவிட்டு, ஒவ்வொருவருக்கும் அளவெடுத்து நூல் நூற்று, நெய்து, தைத்துக் கொடுப்பது போன்ற காரியம் இது.

விலையோடு காலமும் எதிரி. ரத்தம் எடுத்து, தூர தேசத்துக்கு அனுப்பி, அணு திரும்பி வருவதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் நோய் முற்றி, மருந்து வந்து சேரும் நாளில் வாங்கிக்கொள்ள ஆளில்லாமற் போவதும் உண்டு. பல தடவை கடும் மருந்துகள் சாப்பிட்டுச் சோர்ந்த உடலிலிருந்து எடுத்த அணுக்கள் சில சமயம் பெருகாமலே நின்றுவிடுகின்றன. தொழிற்சாலையில் ஒரு துளி மாசு பட்டால் முழுச் சரக்கும் வீண்; அந்தச் சரக்கு ஒரு மனிதனின் கடைசி நம்பிக்கையாக இருக்கும்.

இந்தத் தொல்லைகளைக் கண்டு பெரிய முதலாளிகளே பின்வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2025-ல் ஜப்பானின் டகேடாவும், டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்கும் உயிரணு மருந்து ஆராய்ச்சியிலிருந்து விலகுவதாக அறிவித்தன. அதே வருஷத்தில்தான் முதல் வகை நீரிழிவு கண்ட 12 பேருக்கு, ஆய்வுக்கூடத்தில் மூல அணுவிலிருந்து வளர்த்த இன்சுலின் சுரக்கும் அணுக்களை முழு அளவில் செலுத்தியதில், 10 பேருக்கு ஓராண்டின் முடிவில் இன்சுலின் ஊசியே வேண்டியிருக்கவில்லை என்ற செய்தியும் பிரசுரமாயிற்று. அந்த அணுக்களை உடல் தள்ளிவிடாதபடி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து டாக்டர்கள் லூபஸ் என்ற கொடிய நோய் கண்ட ஐந்து பேருக்குக் கார்-டி அணுக்களைக் கொடுத்து, நோய் அடங்கியதாக 2022-ல் வெளியிட்டார்கள். அணுவை வெளியே எடுக்காமல் உடலுக்குள்ளேயே மாற்றியமைக்கும் முயற்சியும் நடந்து வருகிறது. அது கைகூடினால் மேற்சொன்ன கொப்பரைக் கணக்கு அடியோடு மாறிவிடும். ஆக, விஞ்ஞானம் முன்னே போகிறது. முதல் போட்டவர்களில் பலர் பின்னே வருகிறார்கள். லாபம் இல்லாத இடத்தில் நோயாளி மட்டும் நிற்கிறான்.

அந்த இடத்தில் நிற்கத் துணிந்தவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் சர்வகலாசாலைகளும் தரும ஆஸ்பத்திரிகளுமே. ஸ்பெயின் தேசத்தில் பார்சலோனா நகர ஆஸ்பத்திரி ஒன்று, ரத்தப் புற்று கண்ட ஒரு பெண்ணும் அவள் தாயும் தொடங்கிய நிதியை ஆதாரமாகக் கொண்டு தன் சொந்தக் கட்டடத்திலேயே கார்-டி அணுக்களைத் தயாரித்தது. அந்தப் பெண் அதைப் பெறுமுன் காலமானாள். மருந்துக்கு அவள் பெயரையே இட்டார்கள். 2021-ல் ஸ்பெயின் சர்க்கார் அதற்கு அனுமதி அளித்தது. விலை ஏறக்குறைய 90,000 யூரோ. கம்பெனி மருந்தின் விலையில் ஒரு சிறு பங்கு. அந்த மருந்தின் உரிமையைப் பெற்றே பெங்களூர் ஸ்தாபனம் ஒன்றும் 2025-ல் நம் நாட்டில் அதை வெளியிட்டது.

நம்மவர்கள் செய்த காரியம் இதனினும் பெரிது. மும்பை ஐ.ஐ.டி.யில் ராகுல் புர்வார் என்ற பேராசிரியரும் அவர் மாணவர்களும், டாட்டா மெமோரியல் டாக்டர்களும் கூடி, பல வருஷம் உழைத்து, சுதேசிக் கார்-டி மருந்தொன்றை உண்டாக்கினார்கள். 2021 ஜூனில் முதல் நோயாளிக்குச் செலுத்தினார்கள். 2023 அக்டோபரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அனுமதி கொடுத்தார்கள். 64 பேருக்குக் கொடுத்து நடத்திய சோதனையின் முடிவு 2025-ல் பிரசித்தி பெற்ற பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. பலனைக் கணிக்க முடிந்தவர்களில் 73 சதவிகிதத்தினருக்கு நோய் குறைந்தோ மறைந்தோ இருந்தது. சிகிச்சையினாலேயே உண்டான மரணங்களையும் அவர்கள் மறைக்கவில்லை. அதனாலேயே அந்த முடிவுக்கு மதிப்பு. வைரஸ் வாகனத்தை இறக்குமதி செய்யாமல் தாமே செய்துகொண்டது செலவு குறைந்ததற்கு ஒரு முக்கிய காரணம். அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்குக்கு இங்கே அந்த மருந்து கிடைக்கிறது.

வேலூரில் மற்றொரு வழியைக் காட்டியிருக்கிறார்கள். அணுவைத் தூரத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பாமல், ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு மூடிய யந்திரத்தில் வைத்து, ஏறக்குறைய ஒன்பது நாளில் தயாரித்து, உறைய வைக்காமலே நோயாளிக்குச் செலுத்தினார்கள். அதே வேலூர் டாக்டர்கள், ரத்தம் உறையாத ஹீமோபீலியா நோய் கண்ட ஐவருக்கு அவர்களுடைய சொந்த ரத்த மூல அணுக்களிலேயே குறைபட்ட மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தி, அவர்களுக்கு ரத்தக் கசிவு நின்றுபோனதை 2024-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். ஐந்து பேர் என்பது சிறு தொகைதான். நம் ஊரில் நடந்ததென்பதற்காக ஐந்தை ஐயாயிரமாகப் பேசலாகாது. நம் ஊரில் நடந்ததென்பதற்காக அலட்சியம் செய்வதும் ஆகாது. இரண்டாவது வியாதி நம் படித்த கனவான்களிடம் அதிகம்.

ஆனால் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் மயங்கி நின்றுவிடக்கூடாது. 4 கோடியில் பத்தில் ஒன்று 40 லட்சம். மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்குக் கிடைக்கும் வரம்பு 5 லட்சம். தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் வரம்பு 5 லட்சமே. எட்டில் ஏழு பங்குக்குக் குடியானவன் எங்கே போவான்? சுதேசி மருந்து என்ற பெருமை அவனுக்குப் பத்தியம் வைத்துச் சாப்பிட உதவாது.

நீலகிரி மலையை எடுத்துக்கொள்வோம். ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் நோய் இந்தியாவில் இருப்பதை 1952-ல் விஞ்ஞானிகள் முதலில் கண்டு எழுதிய இடங்களில் நீலகிரியும் ஒன்று. அங்கே வாழும் ஆதிகுடிகளிடம் அதைக் கண்டார்கள். அந்த நோயின் வலியை அனுபவித்தவர்கள் சொல்லக் கேட்டால் கல் நெஞ்சும் கரையும். அதற்கு 2023 டிசம்பரில் அமெரிக்கா ஒரு உயிரணு மருந்தை அங்கீகரித்தது. நோயாளியின் மூல அணுவை எடுத்து, மரபணுவைத் திருத்தி, திரும்பச் செலுத்தும் முறை அது. விலை 22 லட்சம் டாலர். ஏறக்குறைய 19 கோடி ரூபாய். நோயை நம் மலையில் கண்டுபிடித்து எழுபது வருஷங்களுக்கு மேலாயிற்று, மருந்தும் வந்துவிட்டது, நோயாளியும் மருந்தும் சந்திப்பதற்கு மட்டும் வழியில்லை.

இங்கேதான் உபாத்தியாயரின் சம்மதப் பத்திரத்திலிருந்த வாசகத்துக்குத் திரும்புகிறோம். நோயாளியின் சொந்த அணு மருந்தா, அல்லவா? இது வீண் தர்க்கமன்று. மருந்து என்றால் விற்பதற்கு முன் ருசு வேண்டும். சோதனைக்கு உட்படுகிறவனிடம் அச்சோதனைக்காகப் பணம் வாங்கலாகாது. தீங்கு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டும். மருந்து அல்ல, டாக்டரின் கைவேலை என்றால் இவற்றில் எதுவும் வேண்டாம்.

இதே வாதத்தை அமெரிக்காவில் கொலராடோ ராஜ்யத்துச் சிகிச்சை நிலையம் ஒன்று எழுப்பியது. எலும்பு மஜ்ஜை அணுவை எடுத்து வளர்த்துத் திரும்பச் செலுத்துவது வைத்தியத் தொழிலேயன்றி மருந்து உற்பத்தியல்ல என்றது. 2014-ல் வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு அதை நிராகரித்து, அது மருந்தே என்று தீர்ப்பளித்தது. கொழுப்பிலிருந்து எடுக்கும் அணுக்கள் விஷயமாகக் கலிபோர்னியாவில் 2022-ல் ஒரு கீழ்க் கோர்ட்டு நேர்மாறாகக் கூறிற்று. 2024-ல் அப்பீலில் அத்தீர்ப்பு தள்ளப்பட்டது. கோர்ட்டுகள் இவ்வாறு வாதித்துக்கொண்டிருக்கையில் ஜனங்களுக்கு நேர்ந்தது என்ன? புளோரிடாவில் மூன்று வயோதிக ஸ்திரீகள் ஆளுக்கு 5,000 டாலர் கொடுத்து, தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த அணுவை இரு கண்களிலும் செலுத்திக்கொண்டு பார்வையை இழந்தார்கள். டாக்டர்கள் 2017-ல் அதைப் பிரசுரம் செய்தார்கள். அவர்களிற் சிலர் அதை ஒரு விஞ்ஞானச் சோதனை என்றே நம்பியிருந்தார்கள்.

அவசரத்துக்கு அனுமதி கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் உதாரணம். இருதயத்தின் மேல் ஒட்டுவதற்காக நோயாளியின் தசை அணுக்களால் செய்த ஒரு மெல்லிய தகட்டை, ஏழே பேரிடம் சோதித்ததை நம்பி, 2015-ல் நிபந்தனையுடன் விற்க விட்டார்கள். பலன் பிறகு ருசுவாகும் என்பது நிபந்தனை. 2024-ல் பலன் ருசுவாகவில்லை என்ற முடிவு வந்து, தகடு விற்பனையிலிருந்து நின்றது. இடைப்பட்ட காலத்தில் அதற்குச் செலவான பணம் நோயாளிகளுடையதும் பொதுஜன இன்ஷூரன்சுடையதுமே.

நம் நாட்டில் சட்டம் இல்லையென்று சொல்வதற்கில்லை. 2019-ம் வருஷத்திய புது மருந்து விதிகளில், மூல அணுவிலிருந்து செய்யும் பொருள் புது மருந்து என்றே கண்டிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2007-ல் வெளியிட்ட வழிகாட்டியின் தலைப்பில் 'மூல அணு ஆராய்ச்சி, சிகிச்சை' என்ற இரண்டு சொற்கள் இருந்தன. 2013-ல் அதைத் திருத்தியபோது 'சிகிச்சை' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். ருசுவாகாததைச் சிகிச்சை என்று அழைக்கக்கூடாது என்பதே காரணம். 2022 டிசம்பரில் தேசிய மருத்துவக் கமிஷனின் ஒழுக்க மன்றம், ஆட்டிசத்துக்கு மூல அணு கொடுப்பதை ஏற்க முடியாதென்றும் அது தொழில் ஒழுக்கத் தவறு என்றும் சொல்லிற்று. அதன் பின்னும் உபாத்தியாயர் பணம் கட்டியிருக்கிறார்!

சந்து எங்கே இருக்கிறது? அணுவை அதிகம் மாற்றாமல், எடுத்த இடத்திலேயே திரும்பச் செலுத்தினால் அது மருந்து அல்ல என்று வாதிக்க இடம் வைத்திருக்கிறார்கள். விளம்பரத்தைத் தடுக்க 1954-ம் வருஷத்திய மந்திர மருந்து விளம்பரச் சட்டம் ஒன்று உண்டு. அதன் அட்டவணையில் 54 நோய்கள் உள்ளன, புற்று, நீரிழிவு, பக்கவாதம், குருடு எல்லாம் உண்டு, ஆட்டிசம் இல்லை. அந்தக் காலத்துச் சட்டசபையாரைக் குறை கூறிப் பயனில்லை. அட்டவணையைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறவர்களைக் கூறவேண்டும்.

இந்தச் சந்தை அடைக்க முடியாது என்பவர்களுக்கு ரத்தத்தின் கதையை நினைவூட்டுகிறோம். வயிற்றுப் பிழைப்புக்காக ஏழைகள் மாதம் பலமுறை ரத்தம் விற்றதும், சோதிக்காத ரத்தம் பாட்டிலில் கைமாறியதும் இந்நாட்டில் நடந்தவையே. ஒரு பொதுநல ஸ்தாபனம் போட்ட வழக்கில் 1996 ஜனவரி 4-ல் சுப்ரீம் கோர்ட்டு, லைசென்சு இல்லாத ரத்த வங்கி இருக்கக்கூடாதென்றும், இரண்டு வருஷத்துக்குள் கூலிக்கு ரத்தம் கொடுப்பது அறவே ஒழிய வேண்டுமென்றும் உத்தரவிட்டது. 1998 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது அமலுக்கு வந்தது. ரத்தம் கிடைக்காமல் ஜனங்கள் சாவார்கள் என்று அன்று பயமுறுத்தியவர் உண்டு. ஜனங்கள் சாகவில்லை, தாமே முன்வந்து ரத்த தானம் செய்யப் பழகினார்கள். ரத்தமும் ஒருவர் உடம்பிலிருந்து எடுத்த உயிரணுதான். அதை மருந்தென்று நடத்த முடிந்த தேசத்துக்கு இதையும் மருந்தென்று நடத்தத் தெரியாதா?

மருந்தென்று ஒப்புக்கொண்டால் இரு பக்கமும் கட்டுப்பட வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ருசுவில்லாமல் விற்பவனைச் சட்டம் தடுக்க வேண்டும். ருசுவானதை விற்பவனும் மருந்துக்குரிய விலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட வேண்டும். மும்பை மருந்தின் ஆராய்ச்சிக்கு மத்திய சர்க்காரின் ஸ்தாபனங்கள் பொதுப் பணம் உதவியிருக்கின்றன. இனி அவ்வாறு உதவும் ஒவ்வொரு ரூபாயோடும் விலைக்கு ஒரு வரம்பையும், தரும ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கு இத்தனை பங்கு என்ற நிபந்தனையையும் எழுத்தில் சேர்க்க வேண்டும். வேலூர் முறையில் ஆஸ்பத்திரியிலேயே அணு தயாரிக்கும் அறை சென்னையிலும் மதுரையிலும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஏன் இருக்கக்கூடாது? அறை கட்டுவது எளிது. அதில் வேலை செய்யும் கைகளைப் பயிற்றுவிக்க வருஷங்கள் ஆகும். ஆகவே பயிற்சியை முதலில் தொடங்க வேண்டும். வைரஸ் வாகனமும், அணு வளர்க்கும் ஊட்டக் கரைசலும், ஒரு தடவைக்கே உபயோகப்படும் பைகளும் வெளிநாட்டிலிருந்து வரும் வரையில் விலை நம் கையில் இல்லை. காப்பீட்டு வரம்பு 5 லட்சத்தில் நிற்கும் வரையில் ருசுவான மருந்தும் பணக்காரனுக்கு மட்டுமே மருந்து.

சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் உள்ள நம் பிரதிநிதிகளை இவ்விஷயத்தில் கேள்வி கேட்கும்படி தூண்டுவது அந்தந்தத் தொகுதித் தொண்டர்களின் கடமை. எத்தனை நிலையங்கள் இவ்வாறு அணு விற்கின்றன, எத்தனை மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற இரண்டே கேள்விகளுக்கு முதலில் பதில் வரட்டும்.

உபாத்தியாயருக்கு நாம் சொன்ன யோசனை இரண்டு. நான்காம் தடவைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது ஒன்று. அந்தப் பணத்தில் மிச்சமிருப்பதைப் பேச்சுப் பயிற்சிக்கும், பையனைப் பொறுமையுடன் பழக்கும் ஆசிரியைக்கும் செலவிடலாம் என்றோம். கட்டிய பணத்துக்காக மருத்துவக் கவுன்சிலிலும் நுகர்வோர் கோர்ட்டிலும் மனுச் செய்யலாம் என்பது மற்றொன்று. "ஊரில் தெரிந்தால் கௌரவக் குறைவு அல்லவா?" என்று தயங்கினார். பிறகு காகிதங்களை நம்மிடமே விட்டுச் சென்றார். வரும் திங்கட்கிழமை மனு தாக்கலாகிறது.